கவரில் பூ இல்லை

சென்னை,
11-8-1973

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கு நினைவு இருக்கிறது. மூச்சைத் தானாகவே விடுகிறார். இன்று காலை வார்டைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் பெரிய டாக்டர் என்னிடம் நேரில் சொன்னது இது. தெருவில் யார் என்ன சொன்னாலும் இந்த முதல் வரியை மட்டும் நம்புங்கள். இனி ஒவ்வொரு கடிதத்திலும் நிச்சயமான சேதியை முதலில் எழுதுகிறேன், யார் சொன்னது என்பதையும் சேர்த்து.

வந்திருப்பது ரண ஜன்னி, டெட்டனஸ் என்பார்களே அது. தறிக்குழியில் இறங்கும்போது காலில் ஏறியதே, அந்த ஆணியால் வந்தது. வாய் திறக்க முடியாததைப் பல்வலி என்று நினைத்து நீங்கள் கிராம்பு வைத்ததற்காக அழ வேண்டாம். இந்த வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி நினைத்தவர்கள்தான்.

நான் வேலை பார்க்கும் இந்த வார்டு முழுக்க இருட்டு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறோம். ஒரு டம்ளர் விழுந்தாலும் நோயாளியின் உடம்பு வில்லாக வளைந்துவிடும். அதனால் துணைக்கு வந்திருக்கும் தர்மன் அண்ணனுக்கு வராந்தாவில்கூட இடமில்லை. அவர் தும்மல் உங்களுக்குத் தெரியாததா? மூக்கு அரித்தால் ரோட்டுக்கு ஓடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஜன்னிக்குச் சீரம் என்ற மருந்தைத் தசையில் போடுவது வழக்கம். அதோடு முதுகுத்தண்டிலும் கொஞ்சம் போட்டால் இன்னும் சிலர் பிழைப்பார்களா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குத் தசையில் மட்டும். மீதிப் பேருக்கு முதுகிலும். யாருக்கு எது என்று டாக்டர் தீர்மானிப்பதில்லை. அலமாரியில் ஒட்டி வைத்த கவர்கள் இருக்கின்றன. ஆள் வந்ததும் வரிசையில் அடுத்த கவரைப் பிரிக்கிறார்கள். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான், அண்ணி. அண்ணனுடைய கவரில் ‘தசையில் மட்டும்’ என்று வந்தது.

சம்மதம் கேட்டபோது தர்மன் அண்ணன், “என் தம்பிய வெச்சி இன்னா கத்துக்கப் போறீங்க?” என்று கேட்டார். “ரெண்டுல எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியலைங்க” என்றார் பெரிய டாக்டர். தர்மன் அண்ணன் என் பக்கம் திரும்பி, “தெரியாதுன்னு சொல்ற டாக்டரை இப்பத்தாம்மா பாக்கறேன். இவரை நம்பலாம்” என்று கையெழுத்துப் போட்டார்.

இழுப்பு இன்னும் கூடுமா என்பது தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் தெரியும் என்கிறார்கள். பச்சை உடம்போடு பஸ் ஏறி வந்துவிடாதீர்கள்.

உங்கள்
அம்சா


பிள்ளையார்பாளையம்,
14-8-1973

அன்பு அம்சாவுக்கு அண்ணி கிருஷ்ணவேணி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்ததும்தான் கஞ்சி இறங்கியது. அதற்குள் இந்தத் தெரு உன் அண்ணனை இரண்டு தரம் சாகடித்துவிட்டது. பாவு நீட்டுகிற இடத்தில் ஒருத்தி, “பொழச்சாலும் வாய் பேச வராதாமே” என்றாளாம். ஜெயம்மா அக்கா விடவில்லை. “உனக்கு வாய் பேச வருதே, அதால யாருக்கு இன்னா பிரயோஜனம்?” என்று கேட்டுவிட்டு வந்தார்கள். ஓரகத்தி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பையன் நன்றாகப் பால் குடிக்கிறான். குடிக்கும்போது உன் அண்ணன் இழை அறுந்ததைப் பார்ப்பதுபோலப் புருவத்தைச் சுருக்குகிறான். அப்பா வந்துதான் பேர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அம்சா, கவர் சேதியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பூக்கட்டிப் பார்ப்பது போல என்று எழுதியிருந்தாய். யார் குளித்துவிட்டு எடுத்தார்கள்? எந்தச் சாமி முன்னால் வைத்தார்கள்? எனக்குத் தீட்டு என்பதால் ஜெயம்மா அக்காதான் தங்கள் கடைக்குட்டி சம்புவைக் கூட்டிக்கொண்டு எல்லம்மன் கோயிலுக்குப் போனார்கள். முதுகில் ஊசி போடலாம் என்றால் சிவப்பு, வேண்டாம் என்றால் வெள்ளை. அரளிப் பூவை இலையில் கட்டி வைத்து, சம்புவை ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது.

அலமாரிச் சாவி நர்சுகளிடம்தான் இருக்கும் என்று நீ ஒரு தரம் சொல்லியிருக்கிறாய். மருந்தும் அங்கேதான் இருக்கிறது. யாரிடம் எப்படிச் சொல்வாயோ தெரியாது, அவருக்கு அந்த ஊசியும் விழ வேண்டும். உன்னைத் தவிர எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

அண்ணி
கிருஷ்ணவேணி


சென்னை,
17-8-1973

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று அண்ணனின் தொண்டையில் சின்னதாகத் துளை போட்டு, மூச்சு மெஷினில் வைத்திருக்கிறோம். இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது. இரண்டையும் டியூட்டி டாக்டர் சொன்னார்; நாடியை நானும் பிடித்துப் பார்த்தேன்.

துளை என்றதும் பயந்துவிடாதீர்கள். இழுப்பில் மூச்சு அடைத்துவிடாமல் இருக்கத்தான் அது. உடம்பைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருப்பதால் விரலைக்கூட அசைக்க மாட்டார். காது மட்டும் கேட்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் ஊசி போடும் முன் குனிந்து, “அண்ணா, குத்தப் போறேன்” என்று மெதுவாகச் சொல்கிறேன். மற்ற நர்சுகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது, அண்ணி. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரி முன்னால் போய் நின்றேன் என்பதும் உண்மை. ஆனால் கவர் பிரித்தாகிவிட்டது. ஒவ்வொருத்தரும் தம்முடைய ஆளுக்கு மாற்றிப் போட்டால், எது நல்லது என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

மெஷினிலிருந்து எப்போது எடுப்பார்கள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் மருந்தைக் குறைத்துப் பார்ப்பார்கள்.

உங்கள்
அம்சா


பிள்ளையார்பாளையம்,
19-8-1973

அம்சாவுக்கு,

எந்தக் காலத்திலும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். தெரிந்து எனக்கு என்ன ஆக வேண்டும்? எனக்கு வேண்டியது என் வீட்டுக்காரர். நீ அவருக்குத் தங்கச்சியா, அந்த வார்டுக்கு நர்சா? ஒன்றைச் சொல்.

பூக்கட்டிப் பார்ப்பது என்று பேர் வைத்தது நீ. பூ சொன்னதைக் கேட்காதவளும் நீ. அவருக்கு ஏதாவது ஆனால் இந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பாய்?

கிருஷ்ணவேணி


சென்னை,
23-8-1973

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்றும் இன்றும் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை. தலைமாட்டில் தொங்கும் அட்டையில் இருப்பது இது. காலையில் பார்த்து எழுதியது நானே.

உங்கள் கடிதத்தை இன்னும் மடித்து வைக்கவில்லை. தங்கச்சியா, நர்சா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகில் போடுவதுதான் நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால், வேலை போனாலும் போகட்டும் என்று எடுத்துப் போட்டிருப்பேன். தெரியவில்லை, அண்ணி. முதுகில் போடுவதிலும் ஆபத்து உண்டு. பெரிய டாக்டருக்கும் தெரியவில்லை, புத்தகத்திலும் இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பது போல என்று நான் எழுதியிருக்கக் கூடாது. சீக்கிரம் புரியட்டும் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அந்த வழக்கத்தை வைத்தே கேட்கிறேன். வெளியே மழை பெய்கிறதா என்று யாராவது பூக்கட்டிப் பார்ப்பார்களா? வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்கள். தெரியாததைத்தான் பூவிடம் கேட்பார்கள். டாக்டரும் தெரியாததால்தான் கவரைப் பிரிக்கிறார். ஆனால் கவரில் பூ இல்லை. ‘இது நல்லது’ என்று அது சொல்லாது. ‘இவருக்கு இது’ என்று மட்டும்தான் சொல்லும். எது நல்லது என்பதை எல்லாக் கவரும் தீர்ந்த பிறகு எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம், ஒரு விஷயத்தை ஒரு தரம் கேட்டால் மறுபடி கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எனக்கு வந்த கூரத்துச் சம்பந்தத்துக்குப் பூக்கட்டியபோது வெள்ளை வந்தது. “இன்னொரு தரம் பாரேன் அண்ணி” என்று நான் உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “கேட்டாச்சும்மா, கேட்டா ஒத்துக்கணும்” என்று பொட்டலத்தைக் குளத்தில் போட்டீர்கள். ஒத்துக்கொண்டேன். நர்சு வேலைக்கு வந்தேன். அண்ணனுக்காக அந்தக் கவரையும் ஒத்துக்கொண்டேன்.

குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எனக்கும் உங்களை விட்டால் யாரும் இல்லை.

மருந்தைக் குறைப்பது வருகிற வியாழக்கிழமை. அன்றே எழுதுகிறேன்.

உங்கள்
அம்சா


சென்னை,
9-9-1973

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று நாளாக அண்ணன் மெஷின் இல்லாமல் மூச்சு விடுகிறார். இனி மெஷின் தேவைப்படாது என்று பெரிய டாக்டர் இன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

மருந்தைக் குறைத்த அன்று எழுதியதோடு சேர்த்து முந்தின இரண்டு கடிதத்துக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை. தர்மன் அண்ணனிடம் பையன் குப்புற விழுந்தானா என்று கேட்டேன். “அது இப்பத்தான் தலைய தூக்குது, அதுக்குள்ள எப்படி வுழும்?” என்று என்னைத் திட்டினார்.

தொண்டைத் துளையை விரலால் மூடிக்கொண்டு அண்ணன் முதலில் பேசியது என்ன தெரியுமா? “குத்தப் போறேன், குத்தப் போறேன்னு சொல்லிக்கினே இருந்தியே, ஒரு நாளாவது குத்தாம வுட்டியா?” என்றார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார், அண்ணி. பெரிய டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். எதைச் செய்தாலும் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அன்றே வார்டில் எழுதி ஒட்டிவிட்டார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

துளை மூடிக்கொண்டால் இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆராய்ச்சிக்கு இன்னும் நிறையக் கவர் பாக்கி இருக்கிறது. எல்லாம் தீர்ந்து எண்ணிப் பார்க்க வருகிற ஆடி ஆகிவிடும்.

உங்கள்
அம்சா


பிள்ளையார்பாளையம்,
2-12-1973

அன்பு அம்சாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

உன் அண்ணன் நேற்று வாயை முழுசாகத் திறந்து கொட்டாவி விட்டார். யாரும் சொன்னதல்ல, நானே பார்த்தேன். நிச்சயமானதை முதலில் எழுத எனக்கும் வந்துவிட்டது பார்.

தறியில் இன்னும் உட்காரவில்லை. கால் மிதிக்கத் தெம்பு போதவில்லை. பையனை மடியில் போட்டுக்கொண்டு, ஓடாத தறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையனுக்குத் தனசேகரன் என்று பேர் வைத்தாயிற்று.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முதலில் கோபம். அவர் வீடு வந்த பிறகு வெட்கம். போன வாரம் ஒன்று நடந்தது. அதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து கங்கையம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். அவள் வீட்டுக்காரர், சின்னப்பையன் என்று பேர், உன் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தாராமே. நீ எனக்கு எழுதவே இல்லை. அவர் போன அன்று அவளை ஆஸ்பத்திரி வாசலில் தர்மன் மாமாதான் பிடித்து உட்கார வைத்தாராம். உன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள், நடக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாக அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, “உங்க ஊட்டுக்காரரு கவர்ல இன்னாக்கா வந்துச்சு?” என்று கேட்டாள்.

அவள் வீட்டுக்காரருக்கு முதுகிலும் போட்டார்களாம். நான் பூக்கட்டிக் கேட்ட அதே ஊசி.

ஜெயம்மா அக்கா நடுவில் புகுந்து, “நல்ல காலம், நம்ம புள்ளைக்கு அது வரல” என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை உன்னிடம் எப்படி எழுதுவேன்? நான் உன் கடிதத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். “அதுல பூ இல்லம்மா. எது நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா அவங்க கவரே பிரிச்சிருக்க மாட்டாங்க. உன் ஊட்டுக்காரருக்குக் கெட்டதுன்னு தெரிஞ்சி யாரும் போடல. என் ஊட்டுக்காரருக்கு நல்லதுன்னு தெரிஞ்சி யாரும் போடாம வுடல” என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது.

“அப்ப அந்த ஊசியாலதான் போனாருன்னு சொல்ல முடியாதா?” என்று கேட்டாள். முடியாது என்றேன். “அந்த ஊசியால இல்லன்னும் சொல்ல முடியாதா?” என்றாள். இப்போதைக்கு அதுவும் முடியாது என்றேன். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டாள். தனசேகரனைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பொங்கலுக்கு வா. குளத்தில் போட்ட பூவைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஆடியில் எண்ணி முடித்ததும் எனக்கு மட்டும் எழுதாதே. இரண்டு கடிதம் எழுது. வாலாஜாபாத் விலாசம் பின்னால் இருக்கிறது. எது வந்தாலும் முதல் வரியில் எழுது. யார் சொன்னது என்பதையும் எழுது. அவள் கடிதத்தை முதலில் தபாலில் போடு.

உன்
அண்ணி