வளைவில் சாயும் பாட்டில்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் கம்பெனிகளுக்கு ஆலோசகன். தங்களுக்குப் பிடிபடாத பிரச்சினைகளைக் கம்பெனிகள் இணையத்தில் ஒரு தளத்தில் போட்டுவிடுகின்றன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் விடை எழுதலாம். பிடித்த விடைக்குப் பரிசு. நான் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்கிறது, அவர்கள் பாஷைக்கும் அதுவே மாற்றிவிடுகிறது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் எட்டாவதையே மூன்று வருடம் படித்தவன். ஆழம் அதிகம்.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, தனியா பேசிட்டிருக்கீங்க?"

"வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு என்கிட்ட யோசனை கேக்குது."

"கேக்கட்டும். அதுக்கு முன்னாடி அடுப்புல பால் இருக்கு, பாருங்க."

பால் பொங்கி வழிந்திருந்தது.

மார்ச் 6, வியாழன்

நாலு பிரச்சினைக்கு விடை அனுப்பியாயிற்று. விமானத்தில் காபி சிந்தாமல் இருக்க வழி சொன்னேன். விமானத்தில் நான் போனதில்லை. காபி சிந்தியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

ஒன்றுமில்லை. சோபாவில் கிடந்தேன். ஆலையில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. சாயங்காலம் ஏதோ சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

புதிதாக ஒரு பிரச்சினை போட்டிருக்கிறார்கள், கூடவே பன்னிரண்டு விநாடி வீடியோ. காலி ஷாம்பு பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாகப் போகின்றன. வளைவு வந்ததும் சடசடவென்று சாய்கின்றன. கம்பெனிப் பெயரை மறைத்திருக்கிறார்கள். யாரிடம் மறைக்கிறார்கள்? மோட்டார் மூடியில் பச்சைப் பெயிண்ட் பாதியோடு நிற்கிறது. டப்பா தீர்ந்துபோனதால் பாதியில் நிறுத்தியவன் நான். அந்த ஆலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். என் கை படாமல் அங்கே ஒரு பாட்டில் நகர்ந்ததில்லை. எண்ணெய் விடுவது, ஸ்க்ரூ முடுக்குவது எல்லாம் நான்தான்.

வீடியோ முடிகிற இடத்தில் ஒரு கை குச்சியை நீட்டிச் சாய்ந்த பாட்டிலை நிமிர்த்துகிறது. அது தங்கச்சி புருஷன் கை. மாப்பிள்ளை முதலில் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். முதுகு போய்விட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த வளைவில் ஒரு ஸ்டூல் கொடுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை அந்த ஆலை முழுக்க அது ஒன்றுதான்.

வீடியோவை அவரிடம் காட்டவில்லை. ஜெயித்துவிட்டுக் காட்டினால்தான் கெத்து.

மார்ச் 10, திங்கள்

விடை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். வளைவின் வெளிப்பக்கம் இரும்புக் கம்பி இருக்கிறது. காலி பாட்டில் அதில் இடித்தால் துள்ளி விழும். கம்பியில் வரிசையாகத் துடைப்பத்தின் நார்த்தும்பைக் கட்டிவிட்டால் பாட்டில் மெத்தையில் சாய்கிற மாதிரி சாய்ந்து, நிமிர்ந்து போய்விடும். அப்போதே கட்டிக் காட்டினேன். "இது ஆலையா, குப்பைக் கிடங்கா?" என்று சூப்பர்வைசர் பிடுங்கிப் போட்டான்.

படம் போட்டு, விளக்கி, எல்லாம் அனுப்பினேன். கடைசியில் ஒரு கட்டம்: இதனால் எத்தனை ஆட்கள் குறைவார்கள்?

உண்மையில் ஒருவரும் குறைய மாட்டார்கள். நூறு விழுகிற இடத்தில் பத்து பாட்டிலாவது விழும். அதை எடுக்க ஆள் வேண்டும். ஆனால் பூஜ்யம் என்று எழுதினால் யார் மதிப்பான்? மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து மூன்று ஆள் என்று எழுதினேன். "ஒன்றுகூட விழாது, உத்தரவாதம்" என்றும் சேர்த்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. அந்தச் சூப்பர்வைசர் இதைப் படிக்கிற முகத்தை நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்கவில்லை. சத்தியமாக.

ஏப்ரல் 2, புதன்

ஜெயித்துவிட்டேன். எண்பது நாட்டிலிருந்து பத்தாயிரம் பேர் மோதியிருக்கிறார்கள். சரி, நாற்பத்தொரு பேர்.

சாப்பிடும்போது சொன்னேன். "உலகப் போட்டியில நான் ஃபர்ஸ்ட்."

"ரயிலைக் கண்டுபிடிச்சதே நீங்கதானே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. தங்கச்சி சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. என்ன பிரச்சினைக்குப் பரிசு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வெந்நீர்ப் பையை முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்து மெல்லச் சாய்ந்தார்.

மூன்று ஆள்.

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தளத்துக்கு எழுதினேன்: ஆள் கணக்கு தப்பு, ஒருவரும் குறைய மாட்டார்கள், திருத்திக்கொள்ளவும். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' மறுபடி எழுதினேன். மறுபடியும் ஆர்வத்துக்கு நன்றி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தன் நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான். அவனுக்குத்தான் நான் அளந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

கம்பெனியிலிருந்து இஞ்சினியர் பேசினார். எங்கள் ஊர் ஆலையிலேயே முதலில் பொருத்திப் பார்க்கிறார்களாம், நானே வந்து மாட்டித் தர வேண்டுமாம். வர முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்புறம் தோன்றியது: தப்பாக மாட்டினால்? தும்பு ஒரு விரல் தள்ளி நின்றால் போதும். பாட்டில் எல்லாம் விழும். என்னைத் துரத்திவிடுவார்கள். ஸ்டூல் அங்கேயே இருக்கும்.

வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

போனேன். கழுத்தில் 'விருந்தினர்' அட்டை. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த இடத்தில் கழிவறை எங்கே என்று ஒருத்தன் எனக்கு வழி காட்டினான்.

மாப்பிள்ளை ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்த்து வாய் பிளந்தார். "மச்சான்! அப்ப நிஜமாவே நீங்கதானா?" முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்திலிருந்தவனிடம் "எங்க மச்சான்" என்றார். இஞ்சினியர் அவரை வைத்துக்கொண்டே, "இது சரியா வந்தா இந்த ஸ்டூலை எடுத்துடலாம்னு சார் எழுதியிருக்கார்" என்றார். சிரிப்பு அப்படியே நின்றது. அழியவில்லை, நின்றது.

ஒரு விரல் தள்ளி மாட்டினேன். பெல்ட்டை ஓட்டினார்கள். முதல் பாட்டில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, வரிசையாக எல்லாம். சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டான். இஞ்சினியர் தன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உத்தரவாதம்னு எழுதியிருந்தீங்களே?"

மனதுக்குள், அப்பாடா என்றேன்.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். "கொஞ்சம் உள்ள தள்ளுங்க மச்சான். அந்த இடத்துலதான் சாயும். வருஷக்கணக்கா பாக்கறேனே." நான் அசையவில்லை. அவரே குனிந்து — குனியக் கூடாது அவர் — தும்பை ஒரு விரல் உள்ளே தள்ளினார். பெல்ட் ஓடியது.

ஒன்றுகூட விழவில்லை. ஒன்றுகூட.

இஞ்சினியர் கை தட்டினார். நானும் தட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளங்கை எரிந்தது.

பஸ்ஸில் கேட்டேன். "ஏன் மாப்பிள்ளை சொன்னீங்க?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்தனை பேர் முன்னாடி நீங்க அளந்தீங்கன்னு ஆயிடக் கூடாதில்ல. அந்தச் சூப்பர்வைசர் வேற சிரிச்சிட்டிருந்தான்."

நான் வேண்டுமென்றேதான் தள்ளி மாட்டினேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நிறுத்தம் வந்துவிட்டது.

மே 1, வியாழன்

மூன்று ஷிப்டு ஆட்களுக்கும் நேற்றே வேலை நீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில், "ஏதோ புது மெஷினாம்" என்று மட்டும் சொன்னார்.

"எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ" என்றாள் தங்கச்சி.

"விடு. யாரோ" என்றார் அவர். என் பக்கம் பார்க்கவில்லை.

மே 6, செவ்வாய்

பரிசு வந்துவிட்டது. போனில் மணி அடித்தது. பார்த்தேன். அணைத்தேன்.

மே 8, வியாழன்

மாப்பிள்ளை இரண்டு இடத்தில் வேலை கேட்டார். இரண்டிலும் மூட்டை தூக்க முடியுமா என்றார்களாம்.

மே 18, ஞாயிறு

நானும் மாப்பிள்ளையும் முடிவெட்டப் போனோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. முடிவெட்டுகிறவர் அவரிடம், "என்ன சார், வேலை போயிடுச்சாமே?" என்று கேட்டார்.

"புது மெஷின் வந்துடுச்சுப்பா."

"என்ன மெஷின், மூணு பேர் வேலையைச் செய்யுது?" கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. அந்த ஆலையில உங்களுக்குத் தெரியாம எது நடந்திருக்கு? எடுத்து விடுங்க, கேப்போம்."

நாற்காலியில் இருந்த நாலு பேரும் சிரிக்கத் தயாரானார்கள். மாப்பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன்.