அறாத பெல்ட்

இன்று காலை உங்கள் காரை வாங்க ஒருவர் வந்தார், பெரியப்பா. கூட வந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்தார். அந்தப் பழைய எண்ணெய் வாடையோடு நீங்களும் வந்து நின்றீர்கள். செத்து எட்டு மாதமாகியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான்.

உங்களுக்காக எல்லோரும் முறைப்படி அழுதாயிற்று. எனக்கு நினைவு வருவது உங்கள் மகனின் நிச்சயதார்த்தத்துக்கு மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறை போன காலை. மற்றவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். முன்னால் நீங்கள்; பின்னால் நான், மடியில் தாம்பூலத் தட்டு. வெல்லிங்டன் தீவில் எஞ்சினுக்குள் ஏதோ படபடவென்று அடித்து ஓய்ந்தது. டிரைவர் மைதீனுக்கு எதிரே பருப்பளவு சிவப்பு விளக்கு எரிந்தது.

"சாமி, ஃபேன் பெல்ட் போயி. நிறுத்தட்டே? எஞ்சின் சூடாகும்."

"நல்ல காரியத்துக்குப் போறச்சே பெல்ட் அறுமாடா? ஒண்ணும் அறலை. விடு வண்டியை!"

அறுந்தது என்று ஒப்புக்கொண்டால் சகுனத்தடை. ஆகவே அது அறவில்லை. இரும்பும் ரப்பரும் உங்கள் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்படும் என்று நம்பிய மகா புத்திசாலி நீங்கள்.

வைற்றில என்ற ஊரின் வயல்களுக்கு நடுவே ஆவி கக்கிக்கொண்டு வண்டி நின்றது. ஆறட்டும் என்று மைதீன் கெஞ்சினார். கேட்டீர்களா? சீர் வெள்ளிச் செம்பால் பக்கத்து வாய்க்கால் தண்ணீரை மொண்டு நீங்களே ஊற்றினீர்கள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு நாம் பஸ்ஸில் போய் முகூர்த்தத்தைக் காப்பாற்றினோம்.

மறுநாள் கொச்சங்காடி ஒர்க்‌ஷாப்புக்கு, காரிலேயே மறந்துபோன செம்பை எடுக்க நானும் வந்தேன். மெக்கானிக் கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெய் வெளுத்து நுரைத்திருந்தது.

"பால் சாயா போலே இருக்கு, சாமி. எஞ்சின் ஹெட்டு விண்டு எண்ணெயிலே தண்ணி எறங்கியிருக்கு. லைட் எரிஞ்சப்பவே நிறுத்தியிருந்தா, ஒரு பெல்ட்டோட தீர்ந்திருக்கும்."

"இவன் லைட்டைப் பார்த்தாத்தானே! தூங்கிண்டே ஓட்டினான்." என் பக்கம் திரும்பினீர்கள். "நீ ஏதாவது பார்த்தியோடி?"

மைதீனும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம் இருந்தது.

"நான் புத்தகம் வாசிச்சிண்டிருந்தேன், பெரியப்பா."

அன்றைக்கு என்னிடம் புத்தகமே இல்லை.

அன்றே அவர் வேலை போயிற்று. தூங்குகிற டிரைவர் என்ற பெயர் மட்டாஞ்சேரி முழுவதும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. நீங்களோ கல்யாணத்துக்குக் கல்யாணம், "ஒரு பெல்ட்கூட அறாத வண்டி" என்று பெருமை பேசினீர்கள். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட உங்களுக்குத் துணிச்சல் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோமே!

இன்று வந்த மெக்கானிக் கேட்டார்: "எஞ்சின் எப்பவாவது கெட்டிருக்கோ?"

"இல்லவே இல்லை," என்றான் உங்கள் மகன், உங்கள் தொண்டையாலேயே.

"ஒரு தரம்," என்றேன். "பெல்ட் அறுந்தப்பறமும் பெரியப்பாதான் ஓட்டச் சொன்னார். டிரைவர் நிறுத்தட்டுமான்னு கேட்டார். நான் இருந்தேன்."

உங்கள் மகன் முகம் கறுத்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அது சாரமில்லை, பரவாயில்லை சேச்சி. பின்னே ரிப்பேர் நன்னாத்தான் பண்ணியிருக்கா." பானெட்டை மூடிவிட்டார். உண்மை அவ்வளவுதான் கனத்தது. அது தேவைப்பட்ட மனிதர் அங்கே இல்லை.

மைதீன் இப்போது கொச்சங்காடிப் பண்டகசாலை ஒன்றில் சாக்கு தைக்கிறார். நூலகத்துக்குப் போகிற வழிதான். அவர் தலை நிமிரும்போதெல்லாம் கையிலிருக்கும் புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடந்துவிடுகிறேன்.

உங்களை இகழ்வது எனக்கு மிகச் சுலபம், பெரியப்பா. அதற்கு நான் வீட்டைவிட்டு வெளியே வரக்கூட வேண்டியதில்லை.