நீ வரைந்த கைப்பிடி

முதான்ஜியாங்
நவம்பர், முதல் பனி விழுந்த வாரம்

அன்பு மகள் தௌதௌவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், முட்டைக்கோஸ் எல்லாம் ஊறுகாய் ஜாடிக்குள் இறங்கிவிட்டது, அம்மாவின் முழங்கால் வழக்கம்போல டிவிக்கு முன்னாலேயே வானிலை அறிக்கை சொல்லிவிடுகிறது. அங்கே குவாங்சோவில் நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் குரல் செய்தி ஒரு நிமிஷத்தோடு என் வாயை வெட்டிவிடுகிறது, ஒரு நிமிஷம் எனக்குத் தொண்டையைச் செருமவே பத்தாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே உட்கார்ந்ததைவிட வெளியே நிறுத்தி வைக்கப்பட்டதுதான் அதிகம், பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது உன் குரல் சரியில்லை. மாதக் கடைசிக் கூட்டத்தில் உங்கள் தலைவர் ஹோ அடுத்த வருஷக் காரின் படத்தை மேஜையில் வைப்பார், கதவுக் கைப்பிடி இப்போது போலவே உள்ளே மறைந்துகொள்ளும், மிச்சம் இருக்கிற பொத்தானும் போய் எல்லாம் திரைக்குள் போய்விடும், சரி என்று நீ கையெழுத்துப் போட வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் உன்னைத் தூக்கி சீட்டுத் துணிக்கு நிறம் பார்க்கிற பிரிவில் போட்டுவிடுவார்கள் என்றாய். அப்புறம், அப்பா, எங்க கம்பெனி காரை ஓட்டுற உங்க டாக்ஸி ஸ்டாண்டு டிரைவருங்க நிஜமா என்னதான் சொல்றாங்க, எனக்காக மறைக்காம சொல்லுங்க என்று கேட்டாய். அன்று நான் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுகிற வேகத்தில் மறந்துபோகும். சூடாகிற சீட்டு உன் குழுவின் வேலை என்று சொன்னாயே, அதில் உட்கார்ந்த நாளிலிருந்து என் இடுப்பு எனக்கு இருப்பதே மறந்துபோச்சு. சத்தம் இல்லை, டீசல் நாற்றம் இல்லை. தியான் அக்கா, நம்ம ஸ்டாண்டில் ஓட்டுகிற ஒரே பெண், உனக்குத் தெரியும், அவர் சீட்டுச் சூட்டுக்காகவே இனி வீட்டுக்குப் போகப்போவதில்லை என்று புருஷனிடம் சொல்லிவிட்டாராம். புருஷனும் சந்தோஷப்பட்டிருப்பார் என்று ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டிக்கார ஜின் அண்ணன் சொன்னார், அதற்கு அக்காவிடம் தனியாக அடி வாங்கினார்.

இனி குறைகள். திரை கையுறையை மதிக்கவே மாட்டேன் என்கிறது. கழற்றினால் விரல் விறைக்கிறது, கழற்றாவிட்டால் எதிரே கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டுபோகிறது. வைப்பர் எந்தப் பக்கத்துக்குள் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நான் ஒரு முறை சிவப்பு விளக்கையே தாண்டிப் போனேன், அம்மாவிடம் சொல்லாதே. ஜின் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு சாசேஜ் வைத்திருக்கிறார், அதன் நுனியால் தொட்டால் திரை கேட்கிறதாம், கையுறையோடு பிடித்துக்கொண்டு டீச்சர் பிரம்பு வைத்திருக்கிற மாதிரி தட்டுகிறார். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பசியில் அதைத் தின்றுவிட்டார். சாயங்காலம் பனி கொட்ட ஆரம்பித்ததும் மூக்கால் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார், பின்னால் இருந்த சவாரி இவர் அழுகிறார் என்று நினைத்துக் காகிதக் கைக்குட்டை நீட்டினாராம். அப்புறம் அந்த வெள்ளை முன்விளக்கு. எதிரே ஒரு புது வண்டி வந்தால் சூரியனே தெருவில் இறங்கி நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. விளக்கு உன் வேலை இல்லை என்று தெரியும், ஆனால் அதை வரைகிறவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தால் எனக்காக ஒரு முறை முறைத்துவிடு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற குறை. சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதை அன்று ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது வண்டி வந்த அன்று எல்லோரும் வழக்கப்படி நல்ல சகுனத்துக்காகக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டினார்கள், நானும் கட்டினேன். துணி இருந்தால் கைப்பிடி உள்ளே போக முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அந்தக் காருக்குள் இருக்கிற பொம்பளைக் குரல், கைப்பிடியைச் சரிபார்க்கவும், கைப்பிடியைச் சரிபார்க்கவும் என்று நச்சரிக்கிறது. மற்றவர்கள் அவள் நச்சரிப்பைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்கள். நான் மறுநாளே அவிழ்த்துவிட்டேன். கைப்பிடி உள்ளே போய், என் மகள் வரைந்த கோடு மீன் முதுகு மாதிரி வழுவழுவென்று போகும்போது அதன்மேல் கந்தல் துணியைத் தொங்கவிடுவதா என்று எனக்குப் பெருமை. சவாரிக்குக் காத்திருக்கும்போது அந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே நிற்பேன், ஜின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் குதிரைக்கு வைக்கோலும் போடு என்பார்.

போன வாரம் மழை பெய்து விழுந்த இடத்திலேயே உறைந்த நாள். ரயில் நிலையக் கூரைக்கடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். அவள் வீட்டு வாசல் வந்ததும் குழந்தை பின்சீட்டுக் கூடையில் தூங்குகிறதே என்று மெதுவாக இறங்கி, குளிர் படாமல் கதவைச் சாத்தினாள். நானும் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு டிக்கியைத் திறந்து பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் கார் முழுக்கக் கண்ணாடி வார்த்த மாதிரி பனிக்கட்டி, நாலு கைப்பிடியும் அதற்கடியில் படுத்திருக்கிறது. சாவியை அமுக்கினால் உள்ளே டக் டக் என்று பூட்டு திறக்கிறது, பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. நகத்தால் சுரண்டினேன், முழங்கையால் குத்தினேன். அந்தப் பெண் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு வெளுத்துப் போயிருந்தது. தெருவில் வந்துகொண்டிருந்த ஜின் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார், அவர் வண்டியின் கைப்பிடிகள் நாலும் சிவப்புத் துணியோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். அவர் என்னை ஒரு சுற்று, காரை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அடேய் குவான், டிக்கி ஆன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, நீ கதவோட மல்லுக்கட்டுறியே என்றார். உன் அப்பன் புத்தியைப் பார்த்தாயா. பஞ்சுக் கோட்டோடு அதற்குள் நுழைந்தேன், பின்சீட்டின் முதுகுக்கு மேலே வயிறு மாட்டிக்கொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஜின் அண்ணனும் அந்தப் பெண்ணுமாக என் காலைப் பிடித்துத் தள்ளினார்கள், நான் தலைகீழாகக் குழந்தை பக்கத்தில் போய் விழுந்தேன். அது கண்ணை முழித்து என்னைப் பார்த்து, அழாமல் என் மூக்கைப் பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து கதவு ஒரே தொடுதலில் திறந்தது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு, உறைந்துபோன அந்தக் கைப்பிடியைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னாள். "இதை வரைஞ்சவங்க வீட்ல குழந்தைங்களே இல்லியாண்ணே?"

இருக்கிறதம்மா, வரைந்ததே என் குழந்தைதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெட்டியை மாடிவரை தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ ஃபோனில் பேசிய மறுநாள் நூடுல்ஸ் கடையில் ஜின் அண்ணன் கதையை அவிழ்த்துவிட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவுக் கதை சொன்னார்கள், வரைந்தவன் யாரோ அவனைப் பனியில் நட்டு வைக்க வேண்டும் என்று ஒருவர், நட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டும் என்று தியான் அக்கா. நான் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னேன். "வரைஞ்சது என் மக தௌதௌ. திட்டுறதை என்கிட்டயே திட்டிடுங்க, அவளுக்கு நான் சொல்லி அனுப்புறேன், அவளே கேட்டிருக்கா." தியான் அக்காதான் முதலில் கேட்டார், அவளா கேட்டா, நம்மளையா என்று. உங்களைத்தான் என்றேன், மாதக் கடைசியில் உனக்கு இருக்கிற சிக்கலையும் சொன்னேன். அவர் தன் தட்டிலிருந்த டம்ப்ளிங்கை எல்லாம் என் தட்டில் தள்ளிவிட்டார். இத்தனை வருஷம் ஓட்டுறோம், காரை நம்ம தலையில கட்டினவங்க உண்டு, எப்படி இருக்குன்னு கேட்டது உன் பொண்ணு ஒருத்திதான், அவளுக்கு என் பேரைச் சொல்லி நன்றின்னு எழுது என்றார். எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிற பொட்டலத்தில் இருக்கிற பைன் கொட்டையும் அவர் கொடுத்ததுதான்.

என் வண்டியிலும் இப்போது துணி கட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டாண்டில் இத்தனை சிவப்பைப் பார்க்கிறவர்கள், கல்யாண வண்டிகள் என்று நினைத்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன், அந்த மேஜையில் உட்காரப் போகிறவள் நீ. சீட்டுத் துணிக்கு நிறம் பார்க்கிற பிரிவுக்கு அனுப்பினால் போ, நல்ல கருநீலமாகப் பார்த்துப் போடு, அழுக்குத் தெரியாது, நாங்கள் அதற்கும் நன்றி சொல்வோம். அந்த வேலையும் இல்லை என்றால் வீட்டுக்கு வா, உனக்குச் சோறு போட முடியாத அளவுக்கு நாங்கள் ஓய்ந்துபோகவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லத்தான் நீ நினைத்திருக்கிறாய் என்று உன் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. நினைத்ததைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரியாவது தூங்குவாய்.

நீ எப்போதும் உடம்பு சுகத்தோடு, மனசு நிறைவாக இருக்க வேண்டும், உன் கை எதை வரைந்தாலும் அதில் நாலு பேருக்கு நல்லது நடக்க வேண்டும். ஈரத் தலையோடு படுக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். இன்னொன்றையும் மறக்காதே. கூட்டத்தில் உன் வார்த்தை எடுபடவில்லை என்றால் நீ வாதாட வேண்டாம், தலைவர் ஹோவை ஒரே ஒரு நாள் இங்கே கூட்டிக்கொண்டு வா. துணியை அவிழ்த்துவிட்டு, முந்தின ராத்திரியே வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி வைக்கிறேன். விடுதி வாசலில் அவர் பெட்டியை நானே வாங்கிக்கொள்கிறேன், நல்ல டீயும் கொடுக்கிறேன், மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். கதவை மட்டும் அவரே திறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
குவான் தேஹாய்