மூன்றாவது பைக்குக்கு இடமில்லை

மார்ச் 9, சனி

டிரெய்லருக்கு ஆக்சிலைப் பொருத்தியாகிவிட்டது. இத்தனை நாள் மரக்கட்டைகள்மேல் கிடந்த சேசிஸ் இன்று சொந்தச் சக்கரத்தில் நிற்கிறது. எங்கள் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் மார்ச் மாதத்து வெயில் ஒன்றும் புதிதில்லை, ஆனால் தகர ஷெட்டுக்குள் நின்று வெல்டிங் பிடிக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

டெஸ் காலையிலிருந்து கூடவே நின்றான். சுரங்கத்துப் பட்டறையில் எனக்குப் பக்கத்து மேசை அவன். முப்பத்தோரு வருஷம். பைக் ஓட்டுவதும் சேர்ந்துதான். ஜூலையில் பத்து நாள் லீவு போட்டு இன்னமின்காவுக்கு வடக்கே பாலைவனத்து மணல்மேடுகளுக்குப் போகிறோம். அதற்குத்தான் இந்த டிரெய்லர். மேலே விரித்தால் கூடாரம், ஆளுக்கொரு படுக்கை. பக்கத்தில் இழுத்தால் அடுப்படி. முன் தளத்தில் மணலில் ஓட்டுகிற இரண்டு டர்ட் பைக். கடைகளில் விற்பது எதுவும் அந்த ரோட்டில் மூன்று நாள் தாங்காது. இது தாங்கும்.

டீ குடிக்கும்போது டெஸ் சொன்னான், வியாழக்கிழமை நான் பல் டாக்டரிடம் போயிருந்தபோது, சுரங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சர்வேயரோடு பைக் ஓட்டப் போனானாம். பெர்த்காரன், பெயர் கேலம், முப்பத்து நாலு வயது. நன்றாக ஓட்டுகிறானாம்.

நல்லது.

மார்ச் 12

மதியச் சாப்பாட்டு அரைமணியில் கேலம் என்ற பெயர் நான்கு முறை. எண்ணினேன். எண்ணுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எண்ணினேன்.

மார்ச் 24, ஞாயிறு

கேலமும் சேர்ந்து மூன்று பேராகப் பைக்கில் போனோம். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான், வழி அவன் காட்டுகிறான், நாங்கள் பின்னால் போகிறோம். வேகமாக ஓட்டுகிறான், அதை மறுக்க முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எங்களுக்காகக் காத்திருந்தான். காத்திருந்ததுதான் எனக்கு எரிச்சல். வயசாளிகளை ரோடு கடக்க வைக்கிற மாதிரி.

டிபூபராவில் கிளட்ச் கம்பி அறுந்து, வேலிக்கம்பியை வெட்டி நான் கட்டிக் கொடுத்த கதையை டெஸ் அவனிடம் சொன்னான். அது எங்கள் கதை. அதில் நான்தான் கதாநாயகன். அதையே எனக்கு முன்னால் இன்னொருத்தனிடம் சொல்லி, அவன் சிரிப்பதைப் பார்த்து டெஸ் மறுபடி சிரித்தபோது, எனக்குச் சொந்தமான ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பது போலிருந்தது.

கேலம் வீட்டிலேயே சுட்ட ரொட்டி கொண்டுவந்தான், புளித்த மாவில் செய்ததாம். டெஸ் மூன்று துண்டு சாப்பிட்டான். கடை வெள்ளை ரொட்டியைத் தவிர வேறெதையும் ரொட்டி என்றே ஒப்புக்கொள்ளாதவன் டெஸ். மூன்று துண்டு!

ஏப்ரல் 6, சனி

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

முன் தளத்தில் சக்கரம் பிடிக்கும் கவ்விகளை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். டெஸ் வந்து பக்கத்தில் குந்தினான். மூன்றாவதாக ஒரு கவ்வி வைக்க முடியுமா என்று கேட்டான். கேலமிடம் இருப்பது சின்னக் கார், பைக்கை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வராது, அவன் இதுவரை பாலைவனத்தையே பார்த்ததில்லை, தரையில் கித்தானை விரித்துப் படுத்துக்கொள்வான் என்றெல்லாம் சொன்னான்.

ஏறாது என்றேன். டிரெய்லரை மாட்டுகிற என் வண்டியின் பின்கொக்கியில் முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் அழுத்தம் விழக் கூடாது. மூன்றாவது பைக் ஏறினால் முந்நூற்றுத் தொண்ணூறு ஆகிவிடும் என்றேன்.

பொய். தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்தால் அதன் பாரம் சக்கரத்தில் இறங்கிவிடும், கொக்கியில் முந்நூற்று இருபதுகூட வராது. வரைபடத்தில் தொட்டி அங்கேதான் இருக்கிறது, நானே வரைந்தது. மூச்சு விடுகிற நேரத்தில் அதை மனசுக்குள்ளே முன்னுக்குத் தள்ளி, அந்த எடையைச் சொல்லிவிட்டேன்.

டெஸ் தாள் கேட்கவில்லை, பென்சில் கேட்கவில்லை. "நீ சொன்னா சரி"ன்னு எழுந்து போய்விட்டான்.

ஏப்ரல் 7

தொட்டியை முன்னால் வைத்து வெல்டிங் வைத்துவிட்டேன். இப்போது அது பொய் இல்லை.

ஏப்ரல் 13

ஆக்சிலுக்கு மேலே காலியாகக் கிடந்த இடத்தில் ஓர் அலமாரி செய்தேன். சட்டி பானை வைக்க.

லொரெய்ன் காபியோடு ஷெட்டுக்கு வந்தாள். இருபத்தெட்டு வருஷம் ஒரு வெல்டரோடு குடும்பம் நடத்தியவளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாதா? சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், டிரெய்லரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ டிரெய்லர் கட்டுறியா, வேலி கட்டுறியா?"

அவள் போன பிறகு வரைபடத்தைக் கிழித்தேன்.

மே 4, சனி

கேலம் டிரெய்லரைப் பார்க்க வந்தான். டெஸ்தான் கூட்டிவந்தான், தன் பேரப்பிள்ளையைக் காட்டுகிற பெருமையோடு. ஒவ்வொரு வெல்டிங்கையும் தடவித் தடவிக் காட்டினான். "பாரு, இவன் கை பட்ட இடம்." அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் பிடித்திருந்தது.

கேலம் குனிந்து அடியில் பார்த்தான். அளக்கிறதுதானே அவன் பிழைப்பு. நிமிர்ந்து அலமாரிக் கதவை விரலால் தட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். சட்டி பானை என்றேன். முன்னால் போய்த் தொட்டியைப் பார்த்தான். திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தான். என் காது சூடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து டெஸ் கேட்டான், "நீ கணக்குப் போடுற ஆளாச்சே, மூணாவது பைக்கை ஏத்த ஏதாவது வழி இருக்கா?"

கேலம் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை, என்னைக் கைகாட்டினான். "நெவ் பார்த்துச் சொல்லியிருக்காரே. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டெஸ் கழிப்பறைக்குப் போனபோது மட்டும் கேலம் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "தொட்டி எங்க இருக்கணும்னு உங்களுக்கே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க வண்டி, உங்க இஷ்டம்."

மே 5

அவன் டெஸ்ஸிடம் போட்டுக் கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். வேகம், ரொட்டி, இப்போது பெருந்தன்மை வேறு. எனக்கென்று என்னதான் விட்டுவைப்பான்?

மே 18, சனி

எடைமேடைக்குப் போனோம். இரண்டு பைக், தொட்டி நிறையத் தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி. கணக்குப்படி வந்தது. எடை சொல்வதில் நான் தப்பு செய்வதில்லை, அதுதான் விஷயமே.

திரும்பி வரும்போது டெஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். யோசித்து முடிவு பண்ணிவிட்டானாம். தன் பைக்கை வீட்டிலேயே விட்டுவிடப் போகிறானாம். அதன் இடத்தில் கேலமின் பைக். டெஸ் வண்டி ஓட்டிக்கொண்டு, கூடாரத்தில் இருந்து சமைத்துக்கொண்டு வருவானாம்.

"என் இடுப்பும் முன்ன மாதிரி இல்லடா. நான் அந்த மணலை எத்தனையோ தடவை பார்த்தாச்சு. பையன் ஒரு தடவையாவது பாக்கட்டும். நீயும் அவனும் ஓட்டுங்க. உன்னை மாதிரி ஓட்டுறவன்கிட்ட அவனை விட்டா எனக்குப் பயமில்ல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். பாலைவனத்தில் பத்து நாள், நானும் கேலமும் பைக்கில், டெஸ் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டு! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் டன் கணக்கில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே 21

சொல்ல வேண்டும். நாளைக்கு.

மே 22

சொல்லவில்லை. டெஸ் பட்டறையில் சந்தோஷமாக இருக்கிறான். சமையல் பட்டியல் எழுதிக் காட்டினான்.

மே 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். டெஸ் வீட்டு முற்றத்தில். அவன் பைக்கின் பெட்ரோலை வடித்துக்கொண்டிருந்தான், ரொம்ப நாள் நிற்கப் போகிறதே என்று. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. மூணாவது பைக் ஏறும்டா, தொட்டியை வேணும்னேதான் முன்னால வெச்சேன், முந்நூத்தித் தொண்ணூறு பொய்.

முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு ஏன் என்றான்.

என்ன சொல்வது? ஐம்பத்தைந்து வயசில் இதை எப்படிச் சொல்வது? "நீ அவன்கூட சிரிக்கிறது எனக்குத் தாங்கல"ன்னேன். அப்படியேதான் சொன்னேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

டெஸ் பெட்ரோல் கேனை மூடினான். மெதுவாக, மூன்று நான்கு சுற்று.

"எனக்கு அவனைப் பிடிக்கல, நாம ரெண்டு பேர் மட்டும் போவோம்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கோபப்பட்டிருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம். ஆனா நீ எடையைச் சொன்னே, நெவ். பட்டறையில கிரேன் தூக்கும்போது எத்தனை டன்னு நீதான் சொல்றே. நீ சொன்ன எடையை நம்பித்தான் நான் முப்பது வருஷமா சங்கிலிக்குக் கீழ நிக்கிறேன்."

அவ்வளவுதான். கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கதவை அடித்துச் சாத்தவில்லை. அடித்திருக்கலாம்.

மே 28

பட்டறையில் கிரேனில் ஒரு வாளியைத் தூக்கினோம், பாறை அள்ளுகிற பெரிய வாளி. எடை சொன்னேன். டெஸ் போய் அதன் தகட்டில் அடித்திருந்த எடையைப் படித்துவிட்டு வந்தான். யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 2

லொரெய்ன் திட்டவில்லை. ஆட்டுக்கறி வறுத்து வைத்தாள், எனக்குப் பிடிக்குமே என்று. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

ஜூன் 8, சனி

அலமாரியை வெட்டி எடுத்தேன். தொட்டியையும். வெல்டிங் நன்றாகப் பிடித்திருந்தது. என் வேலையை நானே அறுப்பதற்குப் பாதி நாள் ஆனது.

மதியம் கேலம் வந்தான். நான் கூப்பிடவில்லை. டெஸ் அனுப்பினானா என்று கேட்டேன், இல்லை என்றான். தொட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், ஒரு பக்கம் நான். ஆக்சிலுக்கு மேலே பொருத்தி முடித்ததும், இது நல்ல இடம் என்றான். தெரியும் என்றேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். இன்றைக்கும் அவனை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கவில்லை.

ஜூன் 15

மூன்றாவது கவ்வி வைத்தாயிற்று. கேலமின் பைக்கையும் ஏற்றி எடைமேடைக்குப் போனேன், டெஸ்ஸின் பைக்குக்குப் பதில் அதே கனத்துக்கு மண்மூட்டை. கொக்கியில் முந்நூற்றுப் பதினாறு. எடைமேடையில் கொடுத்த சீட்டை டெஸ்ஸின் மேசைமேல் வைத்தேன், ஒரு வார்த்தை எழுதாமல்.

ஜூன் 19

டெஸ்: "பைக்கை எப்ப கொண்டுவரணும்?"

சனிக்கிழமை காலை என்றேன். சரி என்றான். பிறகு நாங்கள் வேலையைப் பார்த்தோம்.

ஜூலை 6, சனி. டிபூபரா, பெட்ரோல் பங்க்

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் டெஸ், பின் சீட்டில் கேலம் தன் ரொட்டிப் பையோடு. டிரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை. தார் ரோடு முடிந்த பிறகும் ஆட்டமில்லை. டெஸ் கேலமிடம் ஒரு பழைய கதையை ஆரம்பித்து, பாதியில் என்னிடம் திரும்பி, "அப்புறம் நீ என்ன சொன்னே?" என்று கேட்டான். நான் மீதியைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

இங்கே பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் இறங்கிப் பைக்குகளைக் கட்டியிருக்கும் பட்டைகளை ஒரு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, கிளம்பலாம் என்றேன்.

டெஸ் தலையாட்டினான். பிறகு டிரெய்லர் பக்கம் நடந்து போய், நான் இப்போதுதான் பார்த்த பட்டைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். அவசரமில்லாமல், கோபமுமில்லாமல், மூன்று பைக்கையும். வண்டிக்குள்ளிருந்த கேலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அவன் முடிக்கும்வரை நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை.