ஒரு பூனைக்கு இரண்டு மருந்து

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும், முள் கோடு கிழிக்கும் தாளுக்குக் கரிப்புகை பிடிக்கும் வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம், கூடவே கோபம். செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உன் விஷயத்தில் அது என்னால் முடியவில்லை.

அந்தப் பிற்பகலை எப்படி மறப்பேன்? மயக்கத்தில் கிடந்த பூனைக்கு நீ அட்ரினலின் ஏற்றினாய். இரத்த அழுத்தம் விர்ரென்று ஏறவேண்டும். சுழலும் உருளையில் முள்ளோ கீழே இறங்கிக் கோடு கிழித்தது. மறுபடி ஏற்றினாய், மறுபடியும் இறங்கியது. மருந்துக் குப்பியை மாற்றி எடுத்துவிட்டாய் என்று ஆய்வுக்கூடத்து வெள்ளைக்காரத் துரை கத்தினார். நீ வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். "மாற்றி எடுத்திருக்கலாம்" என்றேன். கல்கத்தாவுக்கு உன்னை வரவழைத்து அந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நான்தான். ஊரில் நாலு வயிறு உன்னை நம்பியிருந்தது. மறுநாள் உன் வேலை போயிற்று.

நாம் தங்கியிருந்த பவானிபூர் அறையில் பெட்டியைக் கட்டும்போதுதான் சொன்னாய்.

"அது காலம்பற எர்காட் கொடுத்த அதே பூனைடா. மத்தியானத்துக்குன்னு வெச்சிருந்த வேற பூனை சினையா இருந்தது. மனசு வரலை, வெளியில விட்டுட்டேன்."

எர்காட் என்பது பிரசவத்தில் இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கிற மருந்து. அதுவும் அழுத்தத்தை ஏற்றுவதுதான். "ஏத்தற மருந்து ரெண்டு சேந்தா எப்படிடா இறங்கும்? துரைகிட்ட சொன்னா சிரிப்பார்" என்று எரிந்து விழுந்தேன்.

"அதான் சொல்லலை" என்று கயிற்றை இறுக்கினாய்.

ஊருக்குப் போன வருஷமே விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். அதற்கப்புறம்தான் சீமையிலிருந்து வந்த பத்திரிகையில் படித்தேன். எர்காட் முதலில் உடம்பில் போயிருந்தால், பின்னால் போகும் அட்ரினலின் அழுத்தத்தை ஏற்றாதாம், இறக்குமாம். படமும் போட்டிருந்தார்கள். அச்சு அசல் உன் கோடு.

அடே, பூனைமேல் வைத்த இரக்கத்தில் கால்வாசி உன்மேல் வைத்திருக்கக் கூடாதா? துரை சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, நடந்ததைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உன் ஊமைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போதெல்லாம் யார் எந்தக் கோட்டைக் காட்டினாலும், "இதற்கு முன்னால் என்ன கொடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் ஏறுகிறது. ஏறிய வேகத்திலேயே என்மேல் திரும்பிவிடுகிறது. உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லையேடா.