டில்லாவுக்கு ஒரு வாக்கியம்

ஆஸ்லோ, 9 செப்டம்பர் 1974

அன்புள்ள அன்ஸ்கார் நெஸ்விக் அவர்களுக்கு,

நலம்தானே? நீங்கள் அனுப்பிய படகுச் சொற்கள் அகராதியில் ஏறிவிட்டன. இப்போது ‘டில்லா’வில் இருக்கிறோம். ஒன்றின் மேல் பித்துப் பிடித்து அதிலேயே கிடப்பதைச் சொல்வோமே, அதுதான். உங்கள் தீவில் அதை எப்படிச் சொல்கிறார்கள்? வழக்கம்போல் அட்டைக்கு ஒரு வாக்கியம், சொன்னவர் பெயர், இடம், தேதி. காதால் கேட்டது மட்டும். நாமாகக் கட்டிய வாக்கியம் ஆகாது.

கடிதத்தை இத்தனை சுருக்கமாக எழுதாதீர்கள். உங்கள் ஊர்க்கதை வாசிக்க இங்கே நாலு பேர் காத்திருக்கிறோம்.

துரிட் ஹௌக்லாண்ட்

---

ஹெல்வர் தீவு, 23 செப்டம்பர்

அன்புள்ள துரிட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வர பத்து நாள் ஆனது. தபால் படகு வியாழனுக்கு வியாழன்தான் வரும், அதுவும் கடல் மனது வைத்தால். உங்களைக் குறை சொல்லவில்லை.

இத்துடன் ஆறு அட்டைகள் வைத்திருக்கிறேன். கடைக்காரி பேத்ரா சொன்னது: “எங்க வீட்டுக்காரருக்கு வானிலைச் செய்தி மேல டில்லா. உருளைக்கிழங்கு ஆறிப் பச்சைத்தண்ணியா போனாலும் ரேடியோவ விட்டு எந்திரிக்க மாட்டாரு.” பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு தாய்: “இவளுக்கு இப்ப தபால்தலை டில்லா. போன மாசம் கூழாங்கல்லு.” சின்னப் பித்துக்குத்தான் இங்கே அந்தச் சொல். காதலுக்குச் சொன்னால் அடி விழும்.

எல்லோரும் நலம். கடையில் எந்நேரமும் கூட்டம், காது கொடுத்துக் கேட்க ஆள்தான் போதவில்லை.

அன்ஸ்கார்

---

ஆஸ்லோ, 14 அக்டோபர்

அன்புள்ள அன்ஸ்கார் அவர்களுக்கு,

இதை எழுத மூன்று நாள் தயங்கினேன். உங்கள் உருளைக்கிழங்கு வாக்கியம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. உச்சரிப்பைச் சரிபார்க்கப் பேத்ராவைத் தேடினேன். அவர் கரையில் மகளோடு இருக்கிறார். “நான் தீவை விட்டு வந்தே ரெண்டு வருஷமாச்சும்மா. எம் புருஷனுக்குக் காதே கேக்காது, ரேடியோ எதுக்கு?” என்றார். அரசாங்கம் உதவி கொடுத்து எல்லோரையும் கரையில் குடியேற்றியதையும், நீங்கள் ஒருவர் மட்டும் தங்கிவிட்டதையும் அவர்தான் சொன்னார்.

இரண்டு வருடத்தில் நீங்கள் அனுப்பிய நாற்பத்தொரு அட்டைகளையும் அகராதியிலிருந்து எடுத்துவிட்டேன். எங்களுக்குச் சொல் சேகரிப்பவர்கள் பட்டியலில் உங்கள் பெயரையும் அடிக்கச் சொல்கிறார்கள். நவம்பர் பாதிவரை தள்ளிவைத்திருக்கிறேன். நிஜமாகக் கேட்ட ஒரே ஒரு வாக்கியம் அனுப்புங்கள், போதும்.

எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் உண்டு.

துரிட்

---

ஹெல்வர் தீவு, 25 அக்டோபர்

அன்புள்ள துரிட் அவர்களுக்கு,

ஏமாற்றினேன். எனக்கு வரும் கடிதம் உங்களுடையது ஒன்றுதான். அட்டை நின்றால் அதுவும் நிற்கும் என்று பயந்தேன். பேச ஆளில்லாத இடத்தில் எதைக் கேட்டு எழுதுவது? நானே இரண்டு குரலில் பேசிப் பார்த்து எழுதினேன். பேத்ராவுக்கு என் வாயில் நல்ல நாக்கு அமைந்தது.

உங்கள் கடிதம் கொண்டுவந்த அதே படகில் நேற்றுக் காலை கரைக்குப் போனேன். மாலையில் அது மறுபடி தீவுப் பக்கம் கிளம்பும்வரை காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். விலைவாசி பேசினார்கள், பல்வலி பேசினார்கள். அந்தச் சொல் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. கேட்டு வாங்கினால் கணக்கில் சேராது என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

திரும்புகையில் படகில் கயிறு பிடிக்கும் போர்க்ஹில்ட் என்னிடம் வந்தாள். பென்சிலும் வெற்று அட்டையுமாக நான் எதற்குக் கரைக்கு வந்தேன் என்று கேட்டாள். அகராதிக்குச் சொல் பிடிக்க என்று மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் சொன்னதை இத்துடன் உள்ள அட்டையில் எழுதியிருக்கிறேன்:

“பெரியவரே, உங்களுக்கு வார்த்தை மேல டில்லா புடிச்சிருக்கு.”

சொன்னவர் போர்க்ஹில்ட் ஸோல்பர்க், தபால் படகு, 24 அக்டோபர் 1974. சந்தேகம் இருந்தால் அவளையே கேளுங்கள்.

அட்டைக்கு ஒரு வாக்கியம்தான் என்பதால் அடுத்ததை அதில் எழுதவில்லை. “வர்ற வியாழக்கிழமை காப்பி போட்டு வைங்க, சரக்கு இறக்கிட்டு அரை மணி உக்காந்துட்டுப் போறேன்” என்றாள். அது அகராதிக்கு இல்லை.

அன்ஸ்கார்