மும்தாஜ் டீச்சரின் மூன்று வரிகள்

வெள்ளிக்கிழமை

படுத்தால் தூக்கம் வருமென்று தோன்றவில்லை. அவ்வளவு உற்சாகம்.

எங்கள் இலவச நூலக மென்பொருளின் பழைய பதிப்பை இனி யாரும் திருத்த வேண்டாம், நாலு பேரும் புதியதில் இறங்குவோம் என்று காலையில் நான்தான் அறிவித்தேன். நால்வரில் ஒருவனான காசிம் உடனே போன் செய்தான். "மாப்ள, பழச வச்சிருக்கவங்க எங்கிட்டுப் போவாங்க?" இந்த வேலைக்கு நமக்குக் கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான், இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று கத்திவிட்டு வைத்தேன்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு, சமயநல்லூரில் ஒரு பள்ளி நூலகத்தைக் கவனிக்கும் மும்தாஜ் டீச்சர் மாலையில் பேசினார்.

"மாசக் கடைசியில குடுத்த புத்தகத்துக்குத் திருப்பித் தர்ற தேதி வர மாட்டேங்குதுன்னு எம்புட்டு தடவ சொன்னேன்! புதுசு எங்க கம்ப்யூட்டர்ல ஓடாதுண்ணே. அதான் நானே உக்காந்து சரி பண்ணிட்டேன். அனுப்பிருக்கேன், பாருங்க."

மூன்றே வரிகள். ஓட்டிப் பார்த்தேன், தேதி வந்து நின்றது. பயன்படுத்துகிற ஒருவர் நிரல் எழுதி அனுப்புவது இதுதான் முதல் தடவை! காசிமைக் கூப்பிட்டு மறுபடியும் கத்தினேன், இந்த முறை சந்தோஷத்தில். பழைய பதிப்பை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"பாத்துக்கிறேண்ணே. ஆமா, புதுசுல இந்தத் தப்பு இல்லைல்ல?"

அதெல்லாம் இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

புதியதை இப்போதுதான் சோதித்தேன். தேதி காலி. அந்தப் பகுதியைப் பழையதிலிருந்து நான்தான் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

டீச்சரின் வரிகளைப் புதியதிலும் சேர்த்து, அவர் பெயரையும் போட்டுவிட்டேன். காசிமிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம். இந்நேரத்தில் அவன் சிரித்தால் தெருவே எழுந்துவிடும்.